பக்கத்துத் தெரு கிளினிக் நல்லதா? சிஸ்டரிடம் கேளுங்கள்

வேலூர் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் ஊர் டாக்டர் நல்லவரா என்று பெயர் சொல்லித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து: எங்க தெரு டாக்டர் ஊசி போட்டா மறுநாளே காய்ச்சல் ஓடிடுது. எந்நேரமும் கூட்டம். நம்பிப் போலாமா சிஸ்டர்?

கூட்டத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதும்மா. சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் தானாகவே இறங்கும். மூன்றாம் நாள் ஊசி போட்டு நான்காம் நாள் சரியானால் பெயர் ஊசிக்குப் போய்விடுகிறது. என்ன ஊசி என்று கேளுங்கள், சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எனக்கு அதுதான் உறுத்தும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சுரமும் உடம்பு வலியும் சட்டென்று அடங்கிப்போகும், உள்ளே இருக்கிற கிருமி அடங்காது. சர்க்கரை உள்ளவருக்கு சர்க்கரையும் எகிறும். புது ஊசியை உங்கள் கண்ணெதிரே கவர் பிரித்து எடுக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அணைக்கட்டிலிருந்து: என் வீட்டுக்காரருக்கு ஆறு நாளா காய்ச்சல். வைடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டுன்னு சொல்லி தினமும் குளுக்கோஸ் ஏத்துறாங்க. இறங்கவே இல்ல. சரியா பாக்குறாங்களான்னு எப்படித் தெரியும்?

முதலில், அவரை இன்றைக்கே வேறு டாக்டரிடமோ அரசு ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்கள். ஒரே ஒரு வைடால் டெஸ்ட்டை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது.

இத்தனை நாளில் யாராவது அவர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்களா? நம் பக்கம் மழைக்காலம் தொடங்கி தை, மாசி வரை ஸ்க்ரப் டைபஸ் நிறைய வரும். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். புதரில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், அரைஞாண் கயிறு படும் இடம் என்று ஒளிந்திருக்கும்.

ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கிற பையன் ஒருவனை எட்டாம் நாள் காய்ச்சலோடு கூட்டி வந்தார்கள். அதற்குள் இரண்டு கிளினிக், கை நிறைய ரிப்போர்ட். எங்கள் டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, அவன் அரைஞாண் கயிற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். அடியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு. டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எல்லோருக்கும் அந்தப் பொருக்கு இருக்காது என்பதும் உண்மை. ஆனால் நாள்பட்ட காய்ச்சலுக்கு உடம்பைப் பார்க்காமல் பேப்பரை மட்டும் பார்க்கிற இடத்தை நல்ல இடம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

காட்பாடியிலிருந்து: அப்பாவுக்குப் பத்து வருஷமா சர்க்கரை. மாசாமாசம் போறோம், ரத்தம் குத்திப் பாத்து அதே மாத்திரை எழுதுறாங்க. போதுமா?

போதாது. மூன்று மாத சராசரி சர்க்கரையை வருஷத்தில் இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும். விழித்திரை, கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், இதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை. செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்கு வரைக்கும் பாதத்தைப் பார்க்க வேண்டும். பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அப்பா செருப்பைக் கழற்றவில்லை என்றால் டாக்டரை மாற்றுங்கள்.

பேரணாம்பட்டிலிருந்து: வேற டாக்டர்கிட்ட காட்ட பழைய ரிப்போர்ட் கேட்டா தர மாட்டேன்றாங்க.

எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 ஆம் வருஷத்து விதி. சீட்டில் டாக்டரின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

சத்துவாச்சாரியிலிருந்து: இவ்ளோ பாக்கறதுக்கு எல்லாத்துக்கும் வேலூர் சிஎம்சி பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாமே?

சளிக்கும் இருமலுக்குமா? வடநாட்டிலிருந்து ரயிலேறி வருகிறவர்களோடு வரிசையில் நின்று ஒரு நாளை விடுவீர்கள். அந்த சிஎம்சியையே டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் ஒரே ஒரு கட்டில் போட்டுத்தான் ஆரம்பித்தார். சின்ன இடம் என்பதாலேயே மட்டம் இல்லை. உங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காது என்று தெரிந்த டாக்டர் ஒருவர் நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும்.

கே.வி.குப்பத்திலிருந்து: ரெண்டு வயசுக் குழந்தைக்கு இருமல்னு போனோம். மருந்தே தராம, சட்டையத் தூக்கிப் பாத்துட்டு வாட்ச்சையே பாத்துக்கினு இருந்தார். அப்புறம் லெட்டர் எழுதி அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டார். பீஸும் வாங்கல. கை கழுவிட்டாரோன்னு மனசு கஷ்டமாயிடுச்சி.

கஷ்டப்படாதேம்மா. அவர் வாட்ச்சைப் பார்த்து மூச்சை எண்ணியிருக்கிறார். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும் நிமிஷத்துக்கு நாற்பதோ அதற்கு மேலோ போனால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்க்கத்தான் சட்டையைத் தூக்கியிருக்கிறார். முழுசாக ஒரு நிமிஷம் எண்ணி, தன்னால் ஆகாது என்று தெரிந்ததும் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். குழந்தை தேறியதும் அவரிடமே திரும்பப் போங்கள்.