ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர்

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஆறு மாதம் முன்பு டீம் லீட் ஆக்கினார்கள். மகாபலிபுரத்தில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி நடந்தது. இப்போது மாதம் ஒரு மணி நேரம் ஒரு கோச்சுடன் வீடியோவில் பேசுகிறேன். இதனால் எல்லாம் வேலை மேம்படுமா? கோடு எழுதுவதில் டீமில் நான்தான் முதல். ஆனால் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று முறை சொல்லிக்கொடுத்தும் அதே தவறைச் செய்கிறாள். நான் அதிகம் பேசாதவன், தலைமைக்கு லாயக்கா? படிக்க நூல்கள் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

நூல்கள் இப்போது வேண்டாம். அதிகம் பேசாதது குறையும் அல்ல. 'மூன்று முறை சொல்லிக்கொடுத்தும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன்.

இருபத்திரண்டு வயதில் ஒரு வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தேன். சாயங்காலம் கணக்கு டேலி ஆகாது. ஐம்பது குறையும், நூறு குறையும். கைக்காசைப் போட்டு அடைப்பேன். மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு, "கவனமா இருங்க" என்பார். கவனமாகத்தான் இருந்தேன். இரவில் தூக்கத்திலும் நோட்டு எண்ணினேன். ஒருநாள் ஹெட் கேஷியர் ஒரு ஸ்டூலைப் போட்டு என் பின்னால் உட்கார்ந்தார். மதியம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, எண்ணுறதுல தப்பில்ல. எண்ணின பணத்த டிராயர்ல வைக்கறதுக்குள்ள அடுத்த ஆளோட சலானை வாங்கிடுறீங்க. ரெண்டு பேர் பணமும் மேசையில ஒண்ணாக் கிடக்கு." அந்த வாரத்தோடு குறைவது நின்றது.

பாஸ்டனில் அதுல் கவாண்டே என்ற அறுவை மருத்துவர் எட்டு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, ஓய்வுபெற்ற தன் ஆசிரியரை அழைத்து, தான் அறுவை செய்வதைப் பார்க்கச் சொன்னார். 2011இல் இதைப் பற்றி எழுதினார். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் விளக்கு விலகிப்போய் அரை மணி நேரம் அறுத்த இடத்தின்மேல் வெளிச்சம் நேராக விழவில்லை என்பதையும், அவருடைய முழங்கை தோளுயரத்துக்கு எழும்பியதையும் ஆசிரியர்தான் சொன்னார். அறுவை செய்பவரின் கண் கத்தியில் இருக்கும்போது விளக்கை யார் பார்ப்பது?

அந்தப் பெண் வேலை செய்யும்போது அரை நாளாவது பக்கத்தில் உட்கார்ந்தீர்களா? இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. தவறு வந்த பிறகு போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். அது என் மேலாளர் சொன்ன 'கவனமா இருங்க'தான். மூன்று முறை சொன்னதைப் பெருமையாக எழுத வெட்கமாக இல்லையா? எங்கே கை தடுக்குகிறது என்று அவளுக்கே தெரியாது. தெரிந்தால் திருத்திக்கொண்டிருக்க மாட்டாளா?

நீங்கள்தான் முதல் என்கிறீர்கள். கூகுள் நிறுவனம் தன் மேலாளர்களை ஆராய்ந்து நல்லவர்களின் எட்டுப் பண்புகளைப் பட்டியலிட்டது. நல்ல பயிற்சியாளராக இருப்பது முதலிடம். தொழில்நுட்பத் திறமைக்குக் கடைசி இடம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதமாக நீங்களும் தனியாகத்தான் தவிக்கிறீர்கள், உங்கள் பின்னாலும் யாரும் உட்காரவில்லை. மாதம் ஒரு மணி நேரம் உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் சொல்வதை மட்டும் கேட்டு கோச்சால் என்ன செய்ய முடியும்? உங்களுக்குத் தெரிந்ததைத்தானே சொல்வீர்கள். அடுத்த முறை பேச்சு வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் காலைக் கூட்டத்துக்கு வந்து, ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.