வந்தியத்தேவனை மேஜைக்கு அழைத்து வரலாமா?

பதிப்பகத்தில் உரிமை ஒப்பந்தங்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவள் நான். இப்போது கோவையில் ஞாயிறுதோறும் நாலு பேரைக் கூட்டிப் பகடை உருட்டும் கேம் மாஸ்டர், அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவள். நாவல் பாத்திரங்களை ரோல்பிளே ஆட்டத்தில் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் மேஜை விளையாட்டு) இறக்குவது பற்றிக் கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டீர்கள்.

ஈரோடு: ஏனுங்க்கா, வந்தியத்தேவனை வைத்து ஒரு சாகசம் எழுதியிருக்கேன். பிடிஎஃப் போட்டு விற்றால் வம்பு வருங்களா?

வராது கண்ணு. கல்கி காலமானது 1954. நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்த மறு வருடத்திலிருந்து 60 ஆண்டு, ஆக 2014 முடிவோடு கணக்குத் தீர்ந்தது, அதற்கு முன்பே அரசுடைமையும் ஆகிவிட்டது. வந்தியத்தேவன் கல்வெட்டில் இருக்கும் ஆள், நந்தினி கல்கியின் கற்பனை, இன்று இருவருமே பொது. ஆனால் அட்டையில் மணியம் வரைந்த முகத்தையோ சினிமாவில் பார்த்த வேஷத்தையோ ஒட்டிவிடாதே, அதெல்லாம் தனித்தனி உரிமை.

திருப்பூர்: கணேஷ், வசந்த்?

வீட்டு மேஜையில் தாராளமாக ஆடுங்க. சொந்த உபயோகத்துக்குச் சட்டமே 52ஆம் பிரிவில் இடம் விட்டிருக்கிறது. விற்க வேண்டுமென்றால் கதை வேறு: சுஜாதா மறைந்தது 2008, 2068 முடியும்வரை உரிமைக்காரர்களைக் கேட்காமல் கை வைக்க முடியாது. வக்கீல் ஜோடி துப்பறிகிறது என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் பேச்சு, குறும்பு, பழக்கம் எல்லாம் அப்படியே இருக்க, பெயரை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீங்க.

ரோல்பிளே ஆட்டங்களில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே (சுருக்கமாக டி அண்ட் டி) இதில் மாட்டியிருக்கிறது. 1974இல், லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதிய டோல்கீனின் குட்டை மனிதர்களை ஹாபிட் என்ற அவர் பெயரிலேயே அச்சடித்தார்கள், டோல்கீன் பக்கத்து உரிமைக்காரர்கள் வந்து நின்றதும் அது ஹாஃப்லிங் ஆனது, அவருடைய நடக்கும் மரமான ‘எண்ட்’, ‘ட்ரீயண்ட்’ ஆனது. 1980இல் போட்ட தெய்வங்கள் புத்தகத்தில் மைக்கேல் மூர்காக்கின் நாவல் நாயகன் எல்ரிக்கும் இருந்தான், அடுத்தடுத்த அச்சில் அந்தப் பகுதியையே தூக்கிவிட்டார்கள். (அந்தப் பழைய அச்சுக்குத்தான் இன்று கிராக்கி!)

கோபி: நம்ம பொன்னர் சங்கர்?

உடுக்கடிப் பாட்டில் வளர்ந்த கதை, தனிச் சொத்தில்லை. கொம்பன் பன்றியைவிட நல்ல எதிரியை எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. பின்னால் வந்த நாவலிலும் சினிமாவிலும் புதிதாகச் சேர்த்ததை மட்டும் தொடாதீங்க. இன்னொன்று, இது சட்டமில்லை: அண்ணன்மார் போர்க்களத்தில் மடியும் படுகளம் பார்த்துக் கண்ணீர் விடுகிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அவர்கள் சாமி. பகடையில் ஒன்று (படுதோல்வி எண்) விழுந்ததால் சங்கர் வழுக்கி விழுகிறார் என்று என் மேஜையில் நான் சொல்ல மாட்டேன். அண்ணமார், அதாவது பொன்னர் சங்கர், படையில் ஒரு சாதாரண ஆளாக ஆடுங்க, அதுவே போதும்.

இன்னொருவர்: ஆட்ட விதிகளை எடுக்கலாமா?

விதியின் யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை, எழுதிய வாசகத்துக்கு உண்டு. டி அண்ட் டியின் அடிப்படை விதிகளை 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டார்கள், பெயர் குறிப்பிட்டால் சரி.

பொள்ளாச்சி: கம்பெனிக்கு நான் எழுதித் தரும் பாத்திரம் யாருடையதுங்க்கா?

மாதச் சம்பளத்தில் எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளியுடையது. டி அண்ட் டி உலகம் ஒன்றில் நடக்கும் டிராகன்லான்ஸ் நாவல்களை எழுதிய மார்கரெட் வீஸும் டிரேசி ஹிக்மனுமே புது நாவலுக்கு டி அண்ட் டி கம்பெனியின் உரிமம் வாங்க வேண்டியிருந்தது, 2020இல் வழக்குப் போட்டு அப்புறம் திரும்பப் பெற்றார்கள். நான் ஒரு சின்னக் கம்பெனிக்கு ஒரு வைத்தியக் கிழவியை எழுதிக் கொடுத்தேன், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்தும் போட்டேன். உரிமை ஒப்பந்தம் பார்த்தவளாம்! இப்போது அந்தக் கிழவி என் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மட்டும் மருந்து அரைக்கிறாள்.