மண் ஒருவருக்கு, எண்ணெய் இன்னொருவருக்கு

கேள்வி: அமெரிக்காவில் சில மாநில அரசுகள் நிலத்தையும் எண்ணெய்க் கிணறுகளையும் குத்தகைக்கு விட்டுப் பள்ளிகளுக்குப் பணம் சேர்க்கின்றனவாமே? அவ்வளவு நிலம் எப்படி வந்தது?

பதில்: 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் புதிய நிலப்பரப்பை 36 சதுர மைல் கட்டங்களாக அளந்து, ஒவ்வொரு கட்டத்திலும் 16ஆம் எண்ணுள்ள ஒரு சதுர மைல் நிலத்தைப் பள்ளிக்கென ஒதுக்கியது. (அந்த நிலம் பூர்வகுடிகளின் கையைவிட்டுப் போன வரலாற்றைத் தனியே எழுத வேண்டும்.) பின்னாளில் யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட மாநிலங்களுக்குக் கட்டத்துக்கு நான்கு துண்டுகள் கிடைத்தன. டெக்சாஸோ 1845இல் ஒன்றியத்தில் இணைந்தபோதே தன் பொது நிலங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

பள்ளிக்கென வந்த நிலத்துக்கு அரசு உரிமையாளராக அல்ல, அறங்காவலராகவே நடந்துகொள்ள வேண்டும். அரிசோனாவில் நெடுஞ்சாலைத் துறை சாலை போட எடுத்த அறக்கட்டளை நிலத்துக்கு முழு மதிப்பையும் ஈடாகத் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. தன் அரசின் துறைக்கே சலுகை கிடையாது.

கேள்வி: மேய்ச்சலுக்கு விட்ட நிலத்தில் எண்ணெயும் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். மேற்பரப்பு உரிமையும் நிலத்தடிக் கனிம உரிமையும் தனித்தனிச் சொத்துகள் என்பதால், ஒரே இடத்தை மாடு மேய்ப்பவருக்கும் எண்ணெய் நிறுவனத்துக்கும் தனித்தனிக் குத்தகையாகத் தர முடியும். நியூ மெக்சிகோவின் மாநில நில அலுவலகத்திடம் மேற்பரப்பு ஏறத்தாழ 90 லட்சம் ஏக்கர், கனிம உரிமை ஏறத்தாழ 130 லட்சம் ஏக்கர். நிலத்தை விற்றபோதும் கனிமத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்தது இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். என் பார்வையில் அந்த அலுவலகம் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான்.

குத்தகைப் பணம் மூன்று வகையில் வரும்: ஏலத்தில் கேட்ட தொகை, ஆண்டு வாடகை, எடுக்கும் எண்ணெயின் மதிப்பில் ஒரு பங்கான ராயல்டி. ஏலம் விடுவது ஒரு நாள் வேலை. வெளியே போன எண்ணெயின் அளவும் விலையும் சரியாகக் காட்டப்பட்டனவா, போக்குவரத்துச் செலவு என்று கூடுதலாகக் கழித்தார்களா, வற்றிய கிணற்றை மூடுவதற்கான பிணைத்தொகை போதுமா என்றெல்லாம் பார்ப்பது பல ஆண்டு வேலை. தணிக்கையாளர்கள் குறைவாக உள்ள அலுவலகம் எவ்வளவு உயர்ந்த ராயல்டி வீதத்தை எழுதிவைத்தாலும் பயனில்லை.

கேள்வி: வரும் பணத்தை மக்களுக்கே பங்கிட்டால் என்ன?

பதில்: வாடகையையும் ராயல்டியையும் ஒன்றாகக் கருதக் கூடாது. வாடகை ஆண்டுதோறும் திரும்ப வரும். ராயல்டியோ திரும்ப வராத சொத்தின் விலை. அதனால்தான் நியூ மெக்சிகோ வாடகையைப் பள்ளி முதலிய பயனாளிகளுக்கு நேரே தந்துவிட்டு, ராயல்டியை நிரந்தர நிதியில் சேர்க்கிறது. அலாஸ்கா 1976இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கனிம ராயல்டியில் குறைந்தது 25 விழுக்காட்டை அத்தகைய நிதியில் போட்டது. அசலைத் தொடாமல், ஈட்டத்திலிருந்து 1982 முதல் குடியிருப்போருக்குப் பங்குத்தொகை தருகிறது. ஆனால் எண்ணெய் வருவாய் சரிந்த பின், 2016 முதல் அந்தத் தொகை எவ்வளவு என்பதே சட்டமன்றத்தில் பெரும் சண்டையாகிவிட்டது.