ஃபர்னஸ் புகை வெளியேறும் வழி: கேள்வியும் பதிலும்

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் வாசகர்கள், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸின் புகை பாதுகாப்பாக வெளியேறுவது குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்ராறியோவில் நடைமுறையில் உள்ள விதிகளையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன்.

கேள்வி (மார்க்கம்): ஐயா, எங்கள் பழைய ஃபர்னஸின் புகை தகரக் குழாய் வழியாகப் புகைபோக்கிக்குச் சென்றது. புதிய ஃபர்னஸுக்கு வெள்ளை பிளாஸ்டிக் குழாயைச் சுவர் வழியாக வெளியே விட்டிருக்கிறார்கள். சூட்டை அது தாங்குமா?

பதில்: உரிய குழாயாக இருந்தால் தாங்கும். பழைய ஃபர்னஸ்கள் எரிவாயுவின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் புகையோடு வெளியே விட்டன. அந்தச் சூட்டினால்தான் புகை தானாக மேலெழுந்தது. 2019 ஜூலை முதல் கனடாவில் விற்பனைக்கென உற்பத்தியாகும் வீட்டு எரிவாயு ஃபர்னஸ்கள் 95 சதவீதத் திறன் கொண்டிருக்க வேண்டும். இவை புகையிலுள்ள நீராவியையே நீராக்கி அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்வதால், வெளியேறும் புகை பிளாஸ்டிக் தாங்கும் அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது. ஆனால் குளிர்ந்த புகை தானாக எழாது; உள்ளே இருக்கும் ஒரு விசிறி அதைத் தள்ளுகிறது. ஆகவே குழாயினுள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், ஒட்டப்படாத ஒரே ஓர் இணைப்பு இருந்தாலும் புகை வீட்டுக்குள் கசியும்.

புகைக்குழாய்களுக்கான கனடியத் தரத்தைக் குறிக்கும் 'எஸ்636' (S636) என்ற எழுத்து குழாயின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கழிவுநீருக்குப் பயன்படும் வெள்ளைக் குழாய் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் இதற்கு ஏற்புடையதல்ல. குழாய், வளைவு, பசை ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் தொகுதியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அத்துடன், புகைக்குழாய் ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் ஃபர்னஸை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் நீராவி குளிர்ந்து உண்டாகும் அமிலத்தன்மை கொண்ட நீர் அங்கே தேங்கிப் புகையின் வழியை அடைத்துவிடும்.

கேள்வி (ஸ்காபரோ): ஃபர்னஸை மாற்றி இரண்டு குளிர்காலம் ஆகிறது. சுடுநீர்த் தாங்கி மட்டும் இன்னும் பழைய செங்கல் புகைபோக்கியோடுதான் இணைந்திருக்கிறது. இப்போது புகைபோக்கியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் படிவு தெரிகிறது, கீழே காரைத் தூள் உதிர்ந்து கிடக்கிறது. இதற்கும் ஃபர்னஸுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. வந்த கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான், ஏனெனில் ஃபர்னஸ் மாற்றும் வேளையில் பலரும் கவனிக்காமல் விடுவது இந்தத் தாங்கியைத்தான்.

அந்தப் புகைபோக்கி ஃபர்னஸ், தாங்கி ஆகிய இரண்டின் புகையையும் ஏற்கும் அளவில் கட்டப்பட்டது. பெரிய பங்கு ஃபர்னஸுடையது. அதன் சூடான புகை குளிர்காலம் முழுவதும் செங்கல்லைச் சூடாக வைத்திருந்தது, சிறிய தாங்கியின் புகை அந்தச் சூட்டில் எளிதாக மேலேறியது. இப்போது ஃபர்னஸ் சுவர் வழியே போய்விட்டது. தாங்கி மட்டும், தனக்குத் தேவையானதைவிட மிகப் பெரிய, குளிர்ந்து போன ஒரு புகைபோக்கிக்குள் தன் சிறிதளவு புகையை அனுப்புகிறது. அந்தப் புகை பாதி வழியிலேயே குளிர்ந்து, அதன் நீராவி செங்கல்லில் நீராகப் படிகிறது. நீங்கள் காணும் வெள்ளைப் படிவு, அந்த ஈரம் செங்கல்லிலுள்ள உப்புகளைக் கரைத்து வெளியே கொண்டுவந்ததன் அடையாளம். உதிரும் தூள், அமில நீர் காரையை அரித்ததன் விளைவு. உதிர்ந்தவை அடியில் குவிந்து குழாய் சேரும் வாயை மூடினால், புகை திரும்பி உங்கள் நிலக்கீழ்த் தளத்துக்குள்தான் வரும்.

தாங்கியின் மேற்புறத்தைப் பாருங்கள். தண்ணீர்க் குழாய்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையங்கள் உருகியிருந்தாலோ, புகைக்குழாயின் அடியில் துரு படிந்திருந்தாலோ, சூடான புகை ஏற்கெனவே வெளியே வழிந்திருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் இன்றே தாங்கியை நிறுத்திவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள். தீர்வு இரண்டு வகை: தாங்கியின் அளவுக்குப் பொருந்தும் உலோக உட்குழாயைப் புகைபோக்கிக்குள் இறக்குவது, அல்லது விசிறி கொண்டு சுவர் வழியே புகையை வெளியேற்றும் தாங்கிக்கு மாறுவது. ஃபர்னஸ் வாங்கும்போதே இந்தச் செலவையும் விலைப்பட்டியலில் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைக் குறிப்பிடாமல் கொடுக்கப்படும் மலிவு விலை, வேலையின் முழு விலை அல்ல.

கேள்வி (ஏஜக்ஸ்): கறி, மீன் பொரியல் வாசனை போவதற்காகச் சமையலறையில் சக்திமிக்க புகையுறிஞ்சி பொருத்தினோம். அது ஓடும்போது கீழே சுடுநீர்த் தாங்கியருகே சூடான, ஈரமான காற்று வீசுகிறது. ஏன்?

பதில்: புகையுறிஞ்சி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவும் சன்னலும் இறுக மூடியிருக்கும் குளிர்கால வீட்டில் அதற்குக் கிடைக்கும் எளிய வழி புகைபோக்கிதான். அதில் காற்று கீழ்நோக்கி இறங்கினால் தாங்கியின் புகையும் அதனோடு உள்ளே வரும். வெளிக்காற்றைத் தனிக் குழாயால் எடுத்துக்கொள்ளும் இரட்டைக் குழாய் ஃபர்னஸ் இதனால் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. ஆபத்து, அறைக் காற்றில் எரியும் தாங்கிக்குத்தான்.

ஒரு சோதனை செய்யலாம். சன்னல்களை மூடி, புகையுறிஞ்சி, குளியலறை விசிறி, துணி உலர்த்தி அனைத்தையும் ஓடவிட்டு, சுடுநீரைத் திறந்து தாங்கியை எரியச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, தாங்கியின் உச்சியில் புகைக்குழாய்க்கு அடியிலுள்ள இடைவெளியருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளிழுக்கப்பட வேண்டும். முகத்தை நோக்கித் திரும்பினால் விசிறிகளை நிறுத்தி, சன்னலைத் திறந்து, தாங்கியை அணைத்துவிடுங்கள். ஈடான காற்றை உள்ளே கொண்டுவரும் அமைப்பு செய்யப்படும்வரை சமைக்கும்போது ஒரு சன்னலைச் சற்றுத் திறந்து வைத்து, புகையுறிஞ்சியைக் குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் ஊதுபத்திப் புகை உள்ளே இழுபடுகிறதா என்று பார்த்த பின்பே தாங்கியை மீண்டும் எரியவிட வேண்டும்.

கேள்வி (பிரம்ப்டன்): எங்கள் புகைக்குழாயின் வாய் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான ஒழுங்கையில் இருக்கிறது. அவர் ஆட்சேபிக்கிறார். விதி என்ன சொல்கிறது?

பதில்: கனடாவின் எரிவாயு நிறுவல் விதித்தொகுப்பான சி.எஸ்.ஏ. பி149.1-இன்படி, இரு வீடுகளுக்கு இடையே இருவரும் பயன்படுத்தும் தளமிட்ட நடைபாதைக்கோ வாகனப் பாதைக்கோ மேலாகப் புகைவாய் அமையக் கூடாது. உங்கள் ஒழுங்கை அத்தகையதென்றால் அவர் சொல்வது நியாயமே. திறக்கக்கூடிய சன்னலிலிருந்து மணிக்கு 1 இலட்சம் பி.டி.யு. (வெப்ப அலகு) வரையிலான ஃபர்னஸுக்கு 12 அங்குலமும், அதற்கு மேற்பட்டதற்கு 36 அங்குலமும் இடைவெளி வேண்டும். விசிறியால் காற்றை உள்ளிழுக்கும் துவாரத்திலிருந்து 6 அடி தள்ளியிருக்க வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.

கேள்வி (ஓஷவா): பெரும்பனி கொட்டிய மறுநாள் ஃபர்னஸ் நின்றுவிட்டது. அழுத்த ஆளியைக் கம்பியால் இணைத்துவிட்டால் ஓடும் என்று உறவினர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ஒருபோதும் செய்யக் கூடாது. புகை போகும் வழி அடைபட்டிருப்பதை உணர்ந்து எரிவாயுவைத் தடுப்பதற்காகவே அந்த ஆளி இருக்கிறது. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. வெளியே சென்று இரு குழாய் வாய்களையும் சூழ்ந்த பனியைக் கையால் அகற்றி, பிறகு ஃபர்னஸை மீண்டும் இயக்கிப் பாருங்கள். பனி குவியும் மட்டத்துக்கு ஓர் அடி மேலாகவாவது வாய்கள் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதைகிறது என்றால் உயர்த்தித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): நிலக்கீழ்த் தளத்தை வாடகைக்கு விட்டிருக்கிறோம். காபன் மொனொக்சைட் கருவியின் திரை சில இரவுகளில் 30 காட்டுகிறது, ஆனால் ஒலிப்பதில்லை. கருவி பழுதா?

பதில்: பழுதல்ல. இக்கருவிகள் 70 பி.பி.எம். (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 70 பங்கு) அளவிலும் ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்தே ஒலிக்கும்படி அமைக்கப்பட்டவை. ஒலிக்கவில்லை என்பதால் 30 என்ற அளவை ஏற்றுக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளிகள் உள்ள வீட்டில் அது சிறிய விடயமே அல்ல. காபன் மொனொக்சைட்டுக்கு இயல்பாகவே மணம் இல்லை; எரிவாயுவில் சேர்க்கப்படும் வாசனையும் எரிந்துவிடும். ஃபர்னஸையும் தாங்கியையும் நிறுத்தி, குடியிருப்போரிடம் தெரிவித்து, உடனே ஆளை அழையுங்கள். தலைவலியோ குமட்டலோ யாருக்காவது இருந்தால் அனைவரும் வெளியேறி 911-ஐ அழைக்க வேண்டும்.

2008 டிசம்பரில் உட்ஸ்டொக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இறந்தார்கள். அதன் பின்பே, அவர்கள் பெயரைத் தாங்கிய ஹோக்கின்ஸ் கின்யாக் சட்டம் 2013-இல் ஒன்ராறியோவில் நிறைவேறியது. வாடகை வீட்டில் கருவியைப் பொருத்துவதும் பராமரிப்பதும் உரிமையாளரின் கடமை. 2026 ஜனவரி முதல் படுக்கையறைகளுக்கு அருகில் மட்டுமன்றி ஒவ்வொரு தளத்திலும் கருவி இருக்க வேண்டும்.

கேள்வி (மிசிசாகா): குழாயை இரண்டு அடி நகர்த்த வேண்டும். நானே செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஒன்ராறியோவில் ரி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பில் பதிவு பெற்ற நிறுவனமும் அதன் உரிமம் பெற்ற தொழில்நுட்பருமே இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வளைவும் அனுமதிக்கப்பட்ட மொத்த நீளத்தில் சில அடிகளாகக் கணக்கிடப்படுவதால், இரண்டு அடி நகர்த்த இரண்டு வளைவு சேர்த்தாலே விசிறியின் எல்லையைக் கடந்துவிடலாம். வருபவரிடம் உரிம அட்டையைக் கேளுங்கள்; வேலை முடிந்ததும், கையேட்டிலுள்ள நீள அட்டவணையைத் திறந்து உங்கள் குழாய் அதில் எந்த வரியில் அடங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.