உறங்கும் ஆட்டின் மூச்சுக்கு அளவு சொல்வது எது?

லயத்துப் பட்டியில் உறங்கும் ஆடும் அளவறிந்தே மூச்சு விடுகிறது. அந்த அளவைச் சொல்வது பெரும்பாலும் மூளையையும், முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணையும் சூழ்ந்த தெளிநீர்தான். பாடநூல்கள் இதை மூளைமுண்ணாண் பாய்பொருள் என்கின்றன. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடினால் அது இந்நீருக்குள் எளிதாகக் கசிந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. மூளையின் அடித்தண்டிலுள்ள உணரிகள் அதை அறிந்து மூச்சை ஆழமாக்குகின்றன. வாயு வெளியேற, அமிலமும் தணிகிறது.

சிறு மாற்றமே ஏன் போதும்? அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் புரதம் இரத்தத்தில் ஏராளம், இந்நீரில் மிகச் சொற்பம். வெறுந்தேநீரில் நாலு சொட்டுத் தேசிக்காய்ச்சாறு விட்டதும் நிறம் வெளுக்கிறதல்லவா, அப்படி. (பால்தேநீரில் முயல வேண்டாம், திரிந்துவிடும்.)

ஒட்சிசன் குறைவதுதான் மூச்சைத் தூண்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில்கூட இயல்பான மூச்சை முதன்மையாக நடத்துவது காபனீரொட்சைட்டே.