உடைத்தவர் ஒருவர், விற்றவர் இன்னொருவர்: ஹேக் ஆன சர்வர்கள் குறித்துக் கேள்வி பதில்

ஹேக் ஆன சர்வர்களை ஆராய்ந்து, என்ன நடந்தது என்று அறிக்கை எழுதுவது என் வேலை. வந்த கேள்விகளில் பாதி சர்வரைப் பற்றி, பாதி தமிழைப் பற்றி. இரண்டும் எனக்குப் பிடித்தவை.

மேடம், ஹேக் ஆன சர்வரை விற்கிறார்கள் என்கிறார்களே, மெஷின் எங்கள் ஆபீஸிலேயே இருக்கும்போது எதை விற்பார்கள்?

சாவியை. ஐபி முகவரி (இணையத்தில் அந்த மெஷினின் விலாச எண்), யூசர் பெயர், பாஸ்வேர்டு, இந்த மூன்றும்தான் சரக்கு. வீடு உங்களுடையதாகவே இருக்கும். கள்ளச்சாவி கை மாறிக்கொண்டே போகும்.

எக்ஸ்டெடிக் என்று இணையத்தில் ஒரு கள்ளச்சந்தை 2014 முதல் நடந்துவந்தது. 2016 ஜூனில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதியபோது 173 நாடுகளின் 70,624 சர்வர்கள் அங்கே விற்பனைக்கு இருந்தன. விற்றவர்கள் 416 பேர். ஆரம்ப விலை 6 டாலர்! அதிக சர்வர்கள் விலைக்கு வந்த முதல் பத்து நாடுகளில் இந்தியாவும் உண்டு. எந்த நாடு, என்ன வேகம், என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கிறது என்று கடையில் துணி பார்ப்பது போல் பார்த்து வாங்கலாம். 2019 ஜனவரியில் அமெரிக்கா, பெல்ஜியம், உக்ரைன் அதிகாரிகள் சேர்ந்து அதை மூடினார்கள். மொத்தம் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட சர்வர்கள் அங்கே விலைக்கு வந்ததாக அமெரிக்க நீதித்துறை பிறகு கணக்குச் சொன்னது.

6 டாலருக்கு விற்று என்ன லாபம்? உடைத்தவனே பயன்படுத்திக்கொள்ளலாமே?

உடைப்பது கையால் செய்யும் வேலை இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது தூரத்திலிருந்தே மெஷினை இயக்கும் வசதியை, இணையத்துக்கு அப்படியே திறந்து வைத்திருக்கும் மெஷின்களை, பெரும்பாலும் 3389 என்ற போர்ட்டில் (மெஷினின் இணைய வாசல் எண்), ஒரு புரோகிராம் தேடிப் போகிறது. பிறகு பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கிறது. ராத்திரி ஓட விட்டால் காலையில் ஒரு பட்டியல் கிடைக்கும். பட்டியலில் இருப்பது ஆடிட்டர் ஆபீஸா, பள்ளிக்கூடமா என்று ஓட விட்டவருக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு பணமாக்குவதற்கு வேறு திறமை வேண்டும், அந்தத் திறமை உள்ளவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். எக்ஸ்டெடிக்கில் நிறைய வாங்கிய ஒருவர் அமெரிக்கக் கணக்கு அலுவலகங்களாகத் தேடித் தேடி வாங்கினார். அங்கே இருந்த விவரங்களை வைத்துப் பொய்யாக வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து, ரீஃபண்ட் கேட்டார்.

"உடைத்தவனே" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

அக்கா, எங்கள் சர்வர் கை மாறியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். விண்டோஸ் செக்யூரிட்டி லாகில் (யார் எப்போது நுழைய முயன்றார் என்ற பதிவேட்டில்) 4625 என்ற எண் பக்கம் பக்கமாக இருந்தது. 4625 என்றால் தோற்றுப்போன லாகின். அதன் கடைசியில், அதிகாலை 2:47-க்கு ஒரே ஒரு 4624, அதாவது வெற்றிபெற்ற லாகின். கதவு திறந்துவிட்டது. உள்ளே இருந்தது இரண்டு நிமிடம்கூட இல்லை. மெஷினின் வேகத்தையும் இருக்கும் சாஃப்ட்வேரையும் பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது. பிறகு 19 நாள் சத்தமே இல்லை.

20-ம் நாள் வேறொரு நாட்டு ஐபியிலிருந்து லாகின். இந்த முறை பாஸ்வேர்டு முதல் தடவையே சரி. கீபோர்டு மொழியும் வேறு. "சப்போர்ட்1" என்று புது யூசர் கணக்கு உருவானது, நேராகக் கணக்கு ஃபோல்டருக்குள் போய் ஃபைல்கள் எடுக்கப்பட்டன.

ஐபி மாறியதை மட்டும் வைத்து ஆள் வேறு என்று சொல்ல முடியாது, ஐபியை மறைத்து வேறு வழியாக இணைக்கும் விபிஎன் போதும் அதற்கு. ஆனால் இடைவெளி, கீபோர்டு, வேலை செய்த நேரம், பழக்கம் நான்கும் சேர்ந்து மாறினால் சாவி விற்றுப்போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் லாகிலும் அந்த அமைதியைத் தேடுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். போதுமா?

போதாது. வாங்கியவர் தனக்கென்று வேறு கணக்கு வைத்திருப்பார். நீங்கள் வேலை செய்யும்போதே இன்னொருவரும் அதே மெஷினில் உட்காரும்படி ரிமோட் டெஸ்க்டாப்பை மாற்றும் கருவிகளும் உண்டு. லாகைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மெஷினை அழித்துப் புதிதாகப் போடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பை விபிஎன்னுக்குப் பின்னால் கொண்டுபோங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போடுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் போட்ட உத்தரவுப்படி தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

மலிவாக ஆர்டிபி விற்கிறார்கள், மாதம் நூறு ரூபாய்தான். படிக்கிற பையன் நான், வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. ஆர்டிபி என்று விற்பது ரிமோட் டெஸ்க்டாப் சாவிதான், அது இப்படி உடைத்த சர்வருடையதாக இருக்கலாம். திருட்டு என்று தெரிந்தே வாங்கினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66பி-யின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீ வாங்குவது யாரோ ஒருவர் சம்பளம் போடும் மெஷினாக இருக்கலாம்.

அறிக்கையில் "அவன் நுழைந்தான்" என்று எழுதினேன். மேலாளர் "பெண்ணாக இருந்தால்?" என்று கேட்டு அந்த வரியை அடித்துவிட்டார். திருடனுக்குப் போய் "அவர்" என்று மரியாதை கொடுக்கவா?

உங்கள் மேலாளர் சரி. இங்கிலீஷில் பிரதிபெயரை மாற்றினால் போதும். நமக்கு வினையின் வாலிலும் ஆண்பால், பெண்பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அவன்" என்பதை எடுத்தாலும் "நுழைந்தான்" காட்டிக்கொடுத்துவிடும்.

"அவர்" அடிப்படையில் பலர்பால் சொல். மரியாதை பிறகு வந்து ஏறிக்கொண்டது. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று ஐயம் வந்தால் பன்மையில் சொல் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலிலேயே விதி இருக்கிறது. தூரத்தில் ஒரு மனித உருவம் தெரிகிறது. ஆணோ பெண்ணோ, "தோன்றுகின்றார்" என்று சொல்ல வேண்டும் என்பது உரைகாரர்கள் காட்டும் வழி. நம் லாகில் தெரிவதும் தூரத்து உருவம்தானே?

ட்ரிக்பாட் என்ற ஹேக்கர் கும்பலில் "மேக்ஸ்" என்ற பெயரில் புரோகிராம் எழுதிய ஒருவர் 2021 பிப்ரவரியில் மியாமியில் கைதானார். அல்லா விட்டே, 55 வயதுப் பெண். அந்தப் பெயரை மட்டும் பார்த்து "அவன்" என்று எழுதியிருந்தால் தவறாகியிருக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை எண்ணிக்கை. நான் மேலே சொன்ன அலுவலகத்தின் முதல் அறிக்கையில், "அவன் 3-ம் தேதி நுழைந்தான், 23-ம் தேதி ஃபைல்களை எடுத்தான்" என்று நானே எழுதினேன். ஒரே சொல்லில் இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டேன். அதைப் படித்த உரிமையாளர் பழைய ஊழியர் ஒருவரைச் சந்தேகப்பட்டார், 3-ம் தேதி அந்தப் பையன் லீவில் இருந்தான் என்பதற்காக. என் ஒரு "அவன்" அந்த வீட்டுக்கு எவ்வளவு மன உளைச்சலைக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

இப்போது செய்த வேலையை வைத்தே பெயர் வைக்கிறேன்: நுழைந்தவர், விற்றவர், வாங்கியவர், எடுத்தவர். ஒரே ஆள் என்று சான்று கிடைக்கும் வரை அவர்களை ஒன்றாக்குவதில்லை. ஆள் யாரென்றே சொல்ல முடியாத இடத்தில் "உள்நுழைவு நடந்திருக்கிறது" என்று எழுதலாம், குறை ஒன்றும் இல்லை.

அப்போ "அவர்கள்" என்று போட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்துமே?

பொருந்தாது. இன்றைய தமிழில் "அவர்கள்" என்றதும் ஒரு கும்பல்தான் கண்ணில் வரும். கும்பல் என்று தெரிந்தால் மட்டும் எழுதுங்கள்.

ஆளே இல்லாமல் ஒரு பாட், அதாவது தானாக ஓடும் புரோகிராம், செய்திருந்தால்?

இதற்கும் தொல்காப்பியம் வழி சொல்கிறது, அடுத்த நூற்பாவிலேயே. மரக்கட்டையோ மனிதனோ என்று ஐயம் வந்தால் "உரு" என்றும் சொல்லலாம், அஃறிணையாகவும் சொல்லலாம். அந்த 4625 வரிகளுக்கு நான் "அது முயன்றது" என்றுதான் எழுதுவேன். 2:47-க்கு வந்த 4624-க்கு மட்டும் "நுழைந்தவர்". அப்போது மெஷினைச் சுற்றிப் பார்த்தது ஒரு மனிதக் கை போலத் தெரிந்தது.