தொடர்புகள், இருப்பிடம், கேமரா மூன்றுக்கும் பயனர்களை 'அனுமதி' அழுத்த வைப்பது எப்படி? பாதிப் பேர் மறுக்கிறார்கள்.

செயலியைத் திறந்த உடனே மூன்றையும் வரிசையாகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாதிப் பேர் மறுப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. மீதிப் பேர் எப்படிச் சம்மதித்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

நான் யாங்கூனில் செயலி எழுதிப் பிழைப்பவன். உளுந்து, துவரை மொத்த வியாபாரி ஒருவருக்கு (நம் ஆள்தான், பெயர் வேண்டாம்) அன்றாட விலை காட்டி ஆர்டர் எடுக்கும் செயலி செய்து கொடுத்தேன். வேலை முடிகிற நேரத்தில் முதலாளி, "வாங்குறவங்க போன்ல இருக்கிற நம்பர் எல்லாம் நமக்கு வரணும், அதையும் சேர்த்துடு" என்றார். வேண்டாம் அண்ணே என்றேன். "உலகமே எடுக்குது, உனக்கு மட்டும் என்ன?" என்று சத்தம் போட்டார். சரி, நீங்களே பாருங்கள் என்று சோதனைக்கு ஒரு பதிப்பு செய்து, பாயின்னவுங் சந்தையில் தரகு பார்க்கும் ஓர் அக்காவிடம் அவர் முன்னாலேயே கொடுத்தேன். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "உளுந்து விலை பார்க்க என் மருமகன் நம்பர் எதுக்கு தம்பி?"

முதலாளி டீ சொல்லப் போய்விட்டார். அன்றைக்கே அந்த அனுமதி கேட்கும் பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

அரசியல் பேசுகிறான் என்று சிலர் வருவார்கள், பரவாயில்லை. இங்கே மியன்மாரில் 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வழியில் நிறுத்தி, போனைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது சாதாரணம். 2017இல் வந்த தனியுரிமைச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2021 பிப்ரவரியிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். இந்த ஊரில் ஒருவர் 'அனுமதி' அழுத்தினால் அவர் போனில் உள்ள அத்தனை பேரின் நம்பரும் என் சர்வரில் வந்து உட்காரும். அவர்களில் யாரையும் நான் கேட்கவில்லையே?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு 11 முதல் இரண்டு முறை மறுத்தால் அப்புறம் பெட்டியே வராது. ஐபோனில் ஒரு முறையோடு சரி. பிறகு பயனரே செட்டிங்ஸுக்குப் போய் மாற்றினால்தான் உண்டு. அதனால் முதல் திரையில் அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். கேமரா பொத்தானைத் தொடும்போது கேமராவைக் கேளுங்கள். ஒரே ஒரு நம்பர் வேண்டுமென்றால் போனிலேயே இருக்கும் தொடர்புத் தேர்வியைத் திறந்துவிடுங்கள். அவர் தொட்ட நம்பர் மட்டும் வரும், அனுமதியே தேவையில்லை. இருப்பிடம் டெலிவரிக்கு என்றால் முகவரி எழுத ஒரு கட்டம் போதும். ஆண்ட்ராய்டு 12 முதல் 'தோராயமாக' மட்டும் கொடுக்கவும் வழி இருக்கிறது, அது மட்டும் கிடைத்தாலும் உங்கள் செயலி ஓடவேண்டும்.

கேட்பதற்கு முன் ஏன் கேட்கிறோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். உங்களுக்கு அது சுலபம். எனக்கு? பர்மிய மொழியில் யூனிகோடில் (உலகப் பொது எழுத்து முறையில்) எழுதினால், அதோடு ஒத்துப்போகாத ஜாஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு உள்ள போன்களில் கொத்துப் பரோட்டாவாகத் தெரியும். 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறுகிறது என்று அறிவித்தார்கள், சந்தையில் இருக்கும் பழைய போன்களுக்கு யார் போய்ச் சொல்வது? போனில் எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மாற்றிக் காட்டும் வேலையைத் தனியாகச் செய்தேன். அதற்குக் காசு கேட்டபோது முதலாளி, "எழுத்து தெரியறதுக்கெல்லாமா காசு?" என்றார். இன்னும் தரவில்லை.